பெயரை அழித்தால் போதுமா? தொகுப்பு எண்களிலிருந்து தனிமனித ரகசியம் கசிவது எப்படி

"தனிநபர் விவரம் எதையும் வெளியிடவில்லை, தொகுப்பு எண்கள் மட்டும்தான் வெளியாகின." ஏதாவது ஒரு துறையோ நிறுவனமோ தரவு வெளியிடும்போதெல்லாம் இந்த வரி வந்துவிடும். கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வரும், அதே தரவிலிருந்து யாரோ சில ஆட்களை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று. யார் பொய் சொல்கிறார்கள் என்று குழம்ப வேண்டாம், பெரும்பாலும் இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். அது எப்படி என்பதைக் கீழிருந்து பார்ப்போம்.

புள்ளிவிவரத் தரவுத்தளம் என்றால்

உள்ளே ஒவ்வொரு ஆளைப் பற்றிய பதிவும் இருக்கும், ஆனால் வெளியே பதில் வருவது கூட்டத்தைப் பற்றி மட்டும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு, சராசரி என்ன என்று கேட்கலாம், "இந்த ஆளுக்கு என்ன நோய்" என்று கேட்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மருத்துவமனைப் பதிவுகள், நிறுவனங்களின் ஊழியர் விவரம் எல்லாம் இந்த வகையில் பயன்படுபவை.

இங்கே நாம் பேசுவது ஹேக்கிங் பற்றி அல்ல. பாஸ்வேர்டைத் திருடுவது, சர்வருக்குள் நுழைவது எல்லாம் வேறு பிரச்சினை, அதற்கு வேறு பூட்டு. இங்கே தாக்குபவர் அனுமதிக்கப்பட்ட கேள்விகளை மட்டும் கேட்கிறார், அனுமதிக்கப்பட்ட பதில்களை மட்டும் வாங்குகிறார், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். அதனால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

கசிவு மூன்று விதமாக நடக்கலாம்:

1. இந்தப் பதிவு இன்னாருடையது என்று தெரிந்துவிடுவது.
2. பதிவு எது என்று தெரியாவிட்டாலும், அவரைப் பற்றிய ஒரு தகவல் தெரிந்துவிடுவது. ஒரு பிரிவில் உள்ள எல்லோருக்கும் ஒரே நோய் என்றால், அந்தப் பிரிவில் இவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே போதும்.
3. அவர் அந்தத் தரவில் இருக்கிறார் என்பதே தெரிந்துவிடுவது. போதை மறுவாழ்வு மையத்தின் தரவு என்றால் அதில் இருப்பதே ரகசியம்தானே.

பெயரை நீக்கும் பழைய வைத்தியம்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துவிடலாம் என்பது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை இப்படித்தான் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். சுமார் 54,000 பேர் இருந்த அந்தப் பட்டியலில் மாநில ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் 6 பேர், அவர்களில் ஆண்கள் 3 பேர், ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். மருத்துவப் பதிவுகளில் இந்த மூன்று விவரங்களும் நீக்கப்படாமல் இருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டதும் ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது.

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேர் தனித்து நிற்பார்கள் என்று 2000இல் ஸ்வீனி கணக்கிட்டார். பின்னால் 2006இல் வந்த இன்னொரு கணக்கு அதை 63 சதவீதம் என்றது. எது சரியாக இருந்தாலும் பாதிக்கு மேல்தான். இந்த மூன்றில் ஒன்றுகூடத் தனியாக ஆளைக் காட்டாது, சேர்ந்தால் காட்டும் என்பதுதான் விஷயம்.

பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டை வைப்பதும் பல நேரம் வெறும் கண்துடைப்பு. 2014இல் நியூயார்க் நகரத்தின் சுமார் 17.3 கோடி டாக்சிப் பயணங்களின் தரவு வெளியானபோது வண்டி எண்களை எம்.டி.5 என்ற முறையில் மாற்றி வைத்திருந்தார்கள், ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீடு தரும் முறை அது. வண்டி எண்களின் வடிவம் ஊரறிந்தது, சாத்தியமான எண்களும் கொஞ்சம்தான், ஆகவே எல்லா எண்களையும் மாற்றிப் பார்த்துப் பட்டியல் போட்டு ஒப்பிட்டுவிட்டார்கள். சில மணி நேர வேலை.

சரி, எண்ணிக்கையும் கூட்டலும் மட்டும் கொடுத்தால்?

பதிவுகளையே தராமல் கேள்விக்குப் பதில் மட்டும் தரும் ஏற்பாடு. கூடவே ஒரு விதி: 5 பேருக்குக் குறைவான குழுவைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. பார்க்கப் பத்திரமாகத்தான் தெரிகிறது.

200 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் பிரிவில் 12 பேர், அதில் ஒரே ஒரு பெண். அவர் எத்தனை நாள் மருத்துவ விடுப்பு எடுத்தார் என்று தெரிய வேண்டும்.

1. பொறியியல் பிரிவின் மொத்த மருத்துவ விடுப்பு நாட்கள்? பதில்: 96. குழுவில் 12 பேர், விதி மீறவில்லை.
2. பொறியியல் பிரிவில் ஆண்களின் மொத்த மருத்துவ விடுப்பு நாட்கள்? பதில்: 51. குழுவில் 11 பேர், இதுவும் விதி மீறவில்லை.
3. 96 − 51 = 45.

முடிந்தது. இந்த உத்திக்கு ட்ராக்கர் என்று பெயர். டோரதி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் மூவரும் 1979இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். அதன் பொது வடிவம் இன்னும் விவகாரமானது. குழு மிகச் சிறியதாகவும் இருக்கக் கூடாது, மிகப் பெரியதாகவும் இருக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் வேலி போட்டாலும் (200 பேரில் 199 பேரைப் பற்றிக் கேட்டு மொத்தத்திலிருந்து கழிக்கலாம் இல்லையா, அதனால்தான் மேல்வரம்பும் தேவை), நடுத்தர அளவுள்ள ஏதாவது ஒரு கூட்டத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டால் வேலியைத் தாண்டிவிடலாம். "அந்தப் பெண் அல்லது 40 வயதுக்கு மேற்பட்டோர்" என்று ஒரு கேள்வி, "அந்தப் பெண் அல்லது 40 வயதைத் தாண்டாதோர்" என்று இன்னொரு கேள்வி. இரண்டு விடைகளையும் கூட்டினால் நிறுவனத்தில் உள்ள எல்லோரும் ஒருமுறை வருவார்கள், அவர் மட்டும் இரண்டு முறை வருவார். எல்லோருக்குமான மொத்தத்தைக் கழித்தால் மிச்சம் இருப்பது அவருடைய எண்.

முந்தைய கேள்விகளை நினைவில் வைத்துக்கொண்டு, ஆபத்தான கேள்வி வந்தால் மறுத்துவிடலாமே? செய்து பார்த்தார்கள். முதல் சிக்கல், ஒருவர் இரண்டு கணக்குகளில் வந்து பாதிப் பாதியாகக் கேட்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், மறுப்பே ஒரு பதிலாகிவிடுகிறது. மூன்று பேரில் அதிகபட்ச விடுப்பு எவ்வளவு என்று கேட்கிறேன், 45 என்று வருகிறது. அதில் முதல் இருவரின் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்கிறேன். விடை 45ஆக இருந்தால் சொல்வதில் கேடு இல்லை. 45க்குக் குறைவாக இருந்தால் மூன்றாமவர் மாட்டிக்கொள்வார், ஆகவே கருவி மறுக்கும். அது மறுத்த நொடியே மூன்றாமவர் எடுத்தது 45 நாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். உண்மையான விடையைப் பார்த்துவிட்டு மறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த ஓட்டை உண்டு.

கேள்வியே வேண்டாம், அச்சிட்ட அட்டவணை மட்டும்

கணக்கெடுப்புத் துறைகள் செய்வது இதுதான். யாரும் எதையும் கேட்க முடியாது, அவர்கள் போடும் அட்டவணைதான் கிடைக்கும். ஒரு சின்னப் பகுதியில் 4 பேர் வசிக்கிறார்கள், வெளியான எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம் (வயது எல்லாம் முழு எண்கள்):

1. மொத்தம் 4 பேர், சராசரி வயது 38, இடைநிலை வயது 36. வயதை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இருவரின் சராசரிதான் இடைநிலை.
2. பெண்கள் 2, சராசரி 52.5. ஆண்கள் 2, சராசரி 23.5.
3. 18 வயதுக்குக் கீழ் ஒருவர், ஆண். 60க்கு மேல் ஒருவர், பெண்.
4. வயதுப் பிரிவு: 5–9இல் ஒருவர், 30–34இல் ஒருவர், 35–39இல் ஒருவர், 70–74இல் ஒருவர்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாருடைய வயதும் இதில் இல்லை. சேர்த்துப் பாருங்கள். ஆண்கள் இருவரின் கூட்டுத்தொகை 47. பையன் 5 முதல் 9 வயதுக்குள் என்றால் பெரியவர் 38 முதல் 42க்குள். ஆனால் அவர் இருக்க முடிந்த பிரிவு 35–39 மட்டும், ஆகவே 38 அல்லது 39. அப்படியானால் பையனுக்கு 9 அல்லது 8. நடுவில் வரும் இருவரின் கூட்டுத்தொகை 72, ஆகவே இளைய பெண்ணுக்கு 34 அல்லது 33. பெண்கள் இருவரின் கூட்டுத்தொகை 105, ஆகவே மூத்தவருக்கு 71 அல்லது 72. மொத்தம் இரண்டே சாத்தியங்கள். "35 வயதைத் தாண்டியவர்களின் சராசரி 54.5" என்று இன்னும் ஓர் அட்டவணை வந்துவிட்டால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும்: 9, 34, 38, 71. நான்கு பேரின் வயதும் பாலினமும் அப்படியே கைக்கு வந்துவிட்டன.

காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கைக் கணினி கோடிக்கணக்கான சமன்பாடுகளோடு போடும். இதற்குத் தரவு மீளமைப்பு என்று பெயர். 2003இல் இரித் தினுர், கோபி நிஸ்ஸிம் இருவரும் இதைத் தேற்றமாகவே நிரூபித்தார்கள். போதுமான அளவு கேள்விகளுக்கு ஓரளவு துல்லியமாகப் பதில் சொன்னாலே தரவுத்தளம் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பக் கட்டப்பட்டுவிடும். "ஓரளவு" என்பதற்கும் அளவு வைத்தார்கள், பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10,000 பதிவுகள் இருந்தால் அது 100. அதைவிட வெகு குறைவான பிழையோடு எண்ணற்ற கேள்விகளுக்குப் பதில் தருபவரால் ரகசியம் காக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் குழுக்களைப் பிரித்தாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை.

இந்தத் துறையில் வந்த மிக முக்கியமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். அதுவரை "எந்தக் கேள்வி ஆபத்தானது" என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாக எந்தக் கேள்வியும் ஆபத்தில்லாமல் இருக்கலாம், ஆனால் மொத்தமாக எத்தனை பதில், எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது அதற்குப் பின்தான் தெளிவானது.

டிஃபரென்ஷியல் பிரைவசி

2006இல் சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்ஷெரி, கோபி நிஸ்ஸிம், ஆடம் ஸ்மித் நால்வரும் வைத்த வரையறை இது. சுருக்கமாக, ஒரு ஆளின் பதிவு உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வரும் பதில்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" என்பதை அளக்கும் எண்ணுக்கு எப்சிலான் என்று பெயர். எப்சிலான் 0.1 என்றால், அந்த ஆள் இருப்பதால் எந்த ஒரு விடையின் நிகழ்தகவும் அதிகபட்சம் சுமார் 1.1 மடங்குதான் மாறும். 1 என்றால் சுமார் 2.7 மடங்கு.

இதைச் செய்ய விடையோடு கணக்குப் பார்த்து ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டுவார்கள். இதற்கு இரைச்சல் என்று பெயர். எண்ணிக்கை கேட்கும் கேள்விக்கு எப்சிலான் 1 என்று வைத்தால் விடை வழக்கமாக ஒன்றிரண்டு தள்ளிப்போகும், 0.1 என்று வைத்தால் பத்துப் பதினைந்து தள்ளிப்போகும். 10 லட்சம் பேரில் பதினைந்து பேர் ஒரு பொருட்டே இல்லை. 20 பேரில் பதினைந்து என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, அதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

இதன் உண்மையான பலம் கூட்டல் கணக்கில் இருக்கிறது. எப்சிலான் 0.1 செலவில் 10 பதில் தந்தால் மொத்தச் செலவு 1ஐத் தாண்டாது. தாக்குபவர் எந்தத் துணைத் தரவை வைத்திருந்தாலும், நாளைக்கு எந்தப் புதிய பட்டியல் வெளியானாலும் அந்த வரம்பு மாறாது. பழைய முறைகளில் இந்த உறுதி கிடையாது. "குறைந்தது இத்தனை பேராவது ஒரே மாதிரி தெரிய வேண்டும்" என்ற கே-அநாமதேயம் உட்பட எல்லாமே, தாக்குபவருக்கு என்னென்ன தெரியும் என்று நாம் யூகிப்பதை நம்பித்தான் நிற்கின்றன.

ஆக எப்சிலான் ஒரு பட்ஜெட். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒரே கேள்வியை ஆயிரம் முறை கேட்டு, சராசரி எடுத்து இரைச்சலை அழித்துவிடலாமே என்று தோன்றும். அழியும்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் பட்ஜெட் செலவாகும், வரம்பு வந்ததும் பதில் நின்றுவிடும். நடைமுறையில் பல இடங்களில் கோட்டை விடுவதும் இங்கேதான். தினமும் புது பட்ஜெட் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு வருடத்தில் அந்த உறுதி பெயரளவில்தான் மிஞ்சும்.

2020 அமெரிக்கக் கணக்கெடுப்பில் நடந்தது

2010 கணக்கெடுப்பில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை பயன்படுத்தியது இடமாற்று முறை, அதாவது சில குடும்பங்களின் பதிவுகளைப் பக்கத்துப் பகுதிகளோடு மாற்றிவைப்பது. பின்னர் வெளியான அட்டவணைகளை மட்டும் வைத்துத் துறையே தன்மேல் மீளமைப்புத் தாக்குதல் நடத்திப் பார்த்தது. 30.87 கோடிப் பேரில் 46 சதவீதம் பேருக்கு வசிக்கும் பகுதி, பாலினம், வயது, இனம் எல்லாம் அச்சாகப் பொருந்தின, வயதில் ஒரு வருட வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தால் 71 சதவீதம். வணிகத் தரவோடு இணைத்தபோது 17 சதவீதம் பேரின் அடையாளம் சரியாக இருந்தது உறுதியானது. அதாவது 5 கோடிக்கு மேற்பட்ட ஆட்கள்.

இதற்குப் பிறகுதான் 2020க்கு டிஃபரென்ஷியல் பிரைவசி வந்தது, சண்டையும் வந்தது. ஸ்டீவன் ரக்கில்ஸ் போன்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள், இந்த வெற்றியில் பெரும்பகுதி குருட்டு யூகத்திலேயே கிடைத்திருக்கும் என்று வாதிட்டார்கள். அலபாமா மாநிலம் 2021இல் வழக்கே போட்டது, நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையில் இரைச்சல் சேர்க்கவில்லை, அது அப்படியே வெளியானது. தெரு மட்டத்துச் சிறு பகுதிகளில்தான் எண்கள் விசித்திரமாகின, அந்த எண்ணை நம்பித் திட்டம் போடுபவர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தொகுதி மறுவரையறைக்கான தரவுக்கு வைத்த மொத்த எப்சிலான் 19.61. பலவகை அட்டவணைகளுக்கும் பல நிலப் பிரிவுகளுக்கும் பங்கிட்ட மேல்வரம்பு அது, உண்மையில் நடக்கக்கூடியது அதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் அந்த எண்ணை வரையறையில் போட்டுப் பார்த்தால் நிகழ்தகவு 30 கோடி மடங்குக்கு மேல் மாறலாம் என்று வருகிறது. தாளில் அது பாதுகாப்பே இல்லை. துல்லியம் கேட்டவர்களின் நெருக்கடியில் எப்சிலானை ஏற்றிக்கொண்டே போனதன் விளைவு இது. எவ்வளவு ரகசியத்தை விற்று எவ்வளவு துல்லியம் வாங்குவது என்பதைக் கணிதம் சொல்லாது. யாரோ உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவு இம்முறை எல்லோருக்கும் தெரியும்படி ஓர் எண்ணாக வெளியே வந்தது. பழைய இடமாற்று முறையில் எத்தனை குடும்பங்களை மாற்றினார்கள் என்பதையே ரகசியமாக வைத்திருந்தார்கள், அதற்கு இது எவ்வளவோ தேவலை.

இது எதைக் காக்காது

1. பொது உண்மையை மறைக்காது. புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தால், ஒருவர் புகைப்பவர் என்று தெரிந்த காப்பீட்டு நிறுவனம் அவருடைய கட்டணத்தை ஏற்றலாம். அவர் அந்த ஆய்வில் கலந்துகொள்ளாவிட்டாலும் ஏற்றும். இதை யாராலும் தடுக்க முடியாது, தடுத்தால் ஆய்வு என்ற ஒன்றே இருக்காது.

2. கூட்டத்தைக் காக்காது. ஒரு வட்டாரத்தில் ஓர் இனத்தவர் எத்தனை பேர் என்ற எண் சரியாக இருக்கும்படிதான் இரைச்சல் அமைக்கப்படும். 1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தொகுப்பு எண்கள் கணக்கெடுப்புத் துறையிலிருந்துதான் போயின. யாருடைய பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை.

3. தரவை வைத்திருப்பவரிடமிருந்து காக்காது. இரைச்சல் சேர்வது வெளியே போகும் எண்ணில், உள்ளே மூலப் பதிவு அப்படியேதான் இருக்கிறது. அதே 1942இல் வந்த போர்க்கால அதிகாரச் சட்டம் கணக்கெடுப்பின் ரகசியக் காப்பை விலக்கிவைத்தது, 1943இல் வாஷிங்டன் நகரத்து ஜப்பானிய வம்சாவளியினரின் பெயரும் முகவரியும் சீக்ரெட் சர்வீஸ் என்ற அரசுப் பாதுகாப்புப் பிரிவிடம் கொடுக்கப்பட்டன. சட்டம் மாறினால் கணிதம் குறுக்கே வந்து நிற்காது.

மூன்றாவதற்கு ஒரு பதில் உண்டு, மூலப் பதிவையே வாங்காமல் இருப்பது. 1965இல் ஸ்டான்லி வார்னர் சொன்ன யோசனையின் எளிய வடிவம் இப்படி: சங்கடமான கேள்வி கேட்கும்போது ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு "ஆம்", பூவுக்கு "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். 1,000 பேரில் 350 பேர் "ஆம்" என்றால், அதில் சுமார் 250 நாணயம் சொன்னது. மீதி 100, உண்மை சொன்ன 500 பேரில் வந்தது, ஆகவே உண்மையில் "ஆம்" என்பவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம். தனியொருவரின் "ஆம்" நாணயத்தின் வேலையா அவருடைய வாக்கா என்று தரவைச் சேகரித்தவருக்கே தெரியாது. கூகுள் 2014இலும் ஆப்பிள் 2016இலும் நம் சாதனங்களிலிருந்து பயன்பாட்டுத் தரவு எடுக்கக் கொண்டுவந்தது இதே யோசனையின் வழிவந்த முறைகள்தான். விலை என்னவென்றால் பிழை பெருகிவிடும். நடுவில் ஒருவரை நம்பி அவர் கடைசியில் ஒரே ஒருமுறை இரைச்சல் சேர்த்தால் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு தள்ளிப்போகும், ஒவ்வொருவரும் தனித்தனியே சேர்த்தால் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தள்ளிப்போகும். கோடிக்கணக்கான பயனர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அது தாங்கும். சில நூறு நோயாளிகளை வைத்து அரிய நோயை ஆராயும் மருத்துவமனைக்குத் தாங்காது. அங்கே இன்றும் பெரும்பாலும் தரவை வைத்திருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.